வைத்தியருக்கு முதுகுப் பக்கம்

பச்சைமலை வைத்தியர் என்று திருச்சி ரேடியோவில் ஒருவர் பேசுவார். சாயங்காலம் கிராம நிகழ்ச்சியில் உடம்புக்கு எது நல்லது, எது ஆகாது என்று சொல்லுகிறவர். முகம் தெரியாத அந்த மனுஷனை நான் வைத வசவுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. ராஜபாளையத்தில் அவரைக் கை எடுத்துக் கும்பிடாத ஆள் அப்போது நான் ஒருத்தன்தான். என் வீட்டிலேயே எனக்குக் கட்சி கிடையாது.

காரணம் இல்லாமல் வையவில்லை. நான் டீக்கடைக்காரன்.

ஜெர்மன்காரன் சண்டை தொடங்கிய மறு வருஷம் நகரசபைப் பூங்காவில் ரேடியோ வைத்தார்கள். ஒரு சின்ன அறைக்குள் பெட்டி, நடுவில் உயரமான கம்பம், கம்பத்து உச்சியில் கிழக்கே பார்த்த குழாய். பெட்டியைத் திறந்து மூடுகிற உத்தியோகம் என் கூட்டாளி தேவநேசனுக்குக் கிடைத்தது. வேதக்கோயிலில் பாட்டுப் பாடுகிறவன், அதனால் ரேடியோ தன் சொந்தக்காரன் என்பது போல நடந்துகொள்வான். நான் அப்போது ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூக்கு, காது, நெஞ்சு எல்லாம் பஞ்சு. இருமினால் தலையணை செய்யலாம். தேவநேசன்தான் சொன்னான்.

"ஏலே கபீரு, பொழுது சாஞ்சா ஊரே இங்கன வந்து மணல்ல உக்காருது. உக்காந்த மனுசன் சும்மா இருப்பானா? ஒரு டீக்கடை போடு."

போட்டேன். பாக்டரிக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு, பூங்காவின் கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில், குழாய்க்கு நேர் எதிரே, பித்தளைப் பாய்லர் வைத்துக் கடை திறந்தேன். மில் சங்கு ஊதி ஆட்கள் வந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் எங்கள் ஊர் ராஜாக்கள் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்தார்கள். பெண்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். கிளாஸ் கழுவ நேரமில்லை. இனி என் நெஞ்சில் பஞ்சு இல்லை என்று நான் மூச்சை இழுத்து விட்ட அந்த நேரத்தில்தான் குழாயிலிருந்து ஒரு கிழக்குரல் வந்தது.

"என்ன மக்கா, பசி நல்லா எடுக்குதா? எடுக்காது. தேயிலைத் தண்ணியைக் குடிச்சுட்டு உக்காந்திருப்பீங்க. அது பசியைக் கொல்லும். பசியைக் கொன்னா மனுஷனையே கொன்ன மாதிரிதான். மோர் இருக்கு, நீராகாரம் இருக்கு, சுக்குத் தண்ணி இருக்கு. அதை விட்டுட்டு அந்தச் சாயத்தண்ணி எதுக்கு?"

அரட்டலும் இல்லை, மிரட்டலும் இல்லை. தன் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுவது போல அத்தனை வாஞ்சையாகச் சொன்னார். அதுதான் வினை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மில்லில் வேலை பார்க்கும் உக்கிரபாண்டி, மீசையைப் பார்த்தாலே நாய் ஒதுங்கும், அப்படிப்பட்ட ஆள் பாதி டீயோடு கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டான்.

"என்ன பாண்டி, ஆறிப் போச்சா?"

"இல்ல பாய். பெரியவர் சொல்லுதாருல்ல."

சரி, ஒரு நாள் கூத்து, நாளைக்கு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறந்தும்தான் போனார்கள். மறுநாள் எல்லாரும் டீ வாங்கினார்கள். ஆனால் வைத்தியர் குரல் வந்ததுமே அத்தனை கிளாஸும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பீடியும் அப்படித்தான். அப்பனோ மாமனாரோ எதிரே வந்தால் பீடியை உள்ளங்கைக்குள் மறைப்பதில்லையா, அது போல மறைத்துக்கொண்டு பவ்வியமாக உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏப்பா, அது குழாய். அவரு திருச்சியில இருக்காரு. அவரு கண்ணுக்கா தெரியுது?"

"தெரியுதோ தெரியலையோ பாய். ஒரு பெரிய மனுசன் நம்மளப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கையில மூஞ்சிக்கு நேரா வச்சு உறிஞ்சலாமா? மரியாத வேண்டாமா?" என்றான் உக்கிரபாண்டி. சுற்றி இருந்தவர்கள் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள்.

எங்கள் ஊர் அப்படி. கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் மரியாதை தெரியும். அந்த மரியாதை என் அடுப்பில் தண்ணீர் ஊற்றியது. கூட்டம் சேருவதே வைத்தியருக்காகத்தான். அவர் பேச்சு முடிந்தால் எழுந்து சோற்றுக்குப் போய்விடுவார்கள். நான் விற்றால் அந்த நேரத்தில் விற்க வேண்டும். அந்த நேரத்திலோ ஊரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவர் இருந்தார். என் சம்சாரம் அப்ரோஸ் பேகம் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தினமும் சுவர் ஓரத்துப் பெண்களோடு உட்கார்ந்து வைத்தியர் சொல்லுகிறதை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு வருவாள். காலையில் வேப்பங்கொழுந்து. மத்தியானம் முருங்கைக்கீரை. சாயங்காலம் சுக்குத் தண்ணி. டீக்கடைக்காரன் வீட்டில் டீ கிடையாது.

"அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள்.

"அவியளையே கட்டியிருக்கணும் நீ."

"எங்க அத்தா மாப்பிள்ள பாத்த காலத்துல ரேடியோ இல்லையே" என்று பட்டென்று சொல்லிவிட்டுக் கீரையை உருவ ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவன் கிடையாது.

ஆனால் கடையைப் பிழைக்க வைத்தவளும் அவள்தான். ஒரு நாள் கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்த மீசைக்காரர் வைத்தியர் பேசும்போது பீடி குடிக்கணும்னா எங்க போறாரு, பாத்தியளா?"

"எங்க போறான்?"

"கம்பத்துக்குப் பின்னால. குழாய் கெழக்க பாக்குது. மேக்க போயிட்டா அவியளுக்கு முதுகுப் பக்கம். முதுகுக்குப் பின்னால குடிச்சா மரியாதக் கொறச்சல் இல்லல்ல? பேச்சும் காதுல விழும். கடைய அங்கன தூக்கிட்டுப் போங்க."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை அறிவை வைத்துக்கொண்டு வேப்பங்கொழுந்து தின்கிறாளே என்றுதான் தோன்றியது.

பூங்காவின் மேற்குச் சுவரில் இடிந்த இடம் ஒன்று உண்டு. அதை ஒட்டி ஒரு வேப்பமரம். பாய்லரை அங்கே கொண்டு போய் வைத்தேன். அன்று சாயங்காலம் வைத்தியர் பேச ஆரம்பித்ததும் முதலில் உக்கிரபாண்டி எழுந்து, ஒன்றுக்குப் போகிறவன் மாதிரி மெதுவாகக் கம்பத்தைச் சுற்றி வந்தான். பிறகு நாலு பேர். பிறகு பாதிப் பூங்கா. முன்பக்கத்தில் வைத்தியர் தேயிலையைத் திட்டிக்கொண்டிருந்தார், பின்பக்கத்தில் எல்லாரும் தலையை ஆட்டி அதை ஒத்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "எம்புட்டு உண்மையச் சொல்லுதாரு பாத்தியளா" என்று ஒருவர் சொல்லிவிட்டு, "இன்னொரு கிளாஸ் போடுங்க பாய்" என்றார்.

கடைக்கு முதுகுக் கடை என்றே பேராகிவிட்டது. சண்டைக் காலத்தில் சீனி கிடைக்காமல் கருப்பட்டி போட்டேன். அப்போதும் வந்தார்கள். வைத்தியர் திட்டத் திட்ட வியாபாரம் ஏறியது. அவர் மேலிருந்த கோபம் எனக்குப் போகவில்லை. ஆனால் அதில் சூடு குறைந்துவிட்டது. பங்காளியைத் திட்டுவது போல, உறவை வைத்துக்கொண்டே திட்டினேன்.

பிறகு வாந்திபேதி வந்த வருஷம். சுற்றுப்பட்டில் எல்லாம் பயம். அன்று வைத்தியர் தேயிலையைப் பற்றி மூச்சு விடவில்லை. "மக்கா, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். கொதிச்ச தண்ணியைத் தவிர வேற எதையும் வாயில வைக்காதீங்க. பிள்ளைகளுக்கும் அதையே குடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் குரல் கம்மிப்போனது. ராஜபாளையத்தில் பகல் முழுக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கிற இடம் எது? என் பாய்லர்தான். பெண்கள் செம்பைக் கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். நான் டீயை நிறுத்திவிட்டு வெந்நீர் ஊற்றினேன். அப்ரோஸ் விறகு தள்ளினாள். அந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்ல நான் ஊற்றினேன், இரண்டு பேரும் ஒரே கடையில் வேலை பார்ப்பது போல இருந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு ஆபத்து வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் குரலைக் கேட்கும்போது என் மனசு இளக ஆரம்பித்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அப்ரோஸ் வீட்டில் பாயசம் காய்ச்சிவிடுவாள்.

ஒரு சமயம் வைத்தியர் ஒரு வாரம் பேசவில்லை. அவருக்குப் பதில் யாரோ ஒருவர் வந்து எரு போடுவதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். நியாயமாக எனக்குக் கொண்டாட்டமாக இருக்க வேண்டும். யாரும் யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை. ஆனால் ஆட்கள் வந்தார்கள், ஒரு கிளாஸ் குடித்தார்கள், போய்விட்டார்கள். சிரிப்பும் இல்லை, இன்னொரு கிளாஸும் இல்லை.

"என்ன பாண்டி, டீ சரியில்லையா?"

"டீ நல்லாத்தான் இருக்கு பாய். திட்டத்தான் ஆள் இல்ல" என்று பெருமூச்சு விட்டான் உக்கிரபாண்டி.

எனக்கும் அப்படியே இருந்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை. அந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ, சளியோ காய்ச்சலோ, பிறருக்குச் சொல்லுகிறவர் தன் உடம்பைப் பார்க்க மாட்டாரோ என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். மறுவாரம் "என்ன மக்கா, பசி எடுக்குதா?" என்று குரல் வந்ததும் கையில் இருந்த வடிகட்டிப் பையைத் தவறவிட்டேன். தேவநேசன் ரேடியோ அறை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்படி ஆடு பகை குட்டி உறவு என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் கவுன்சிலர் சிங்கராஜா ஊருக்கு ஒரு நன்மை செய்யத் தீர்மானித்தார். தங்கமான மனுஷர். மேற்குத் தெருக்காரர்களுக்கு ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, நகரசபையில் பேசி ஏற்பாடு செய்துவிட்டார். என் கடைக்கு வந்து அவரே சந்தோஷமாகச் சொன்னார்.

"ஏமி பாய், பாகுன்னாவா? சௌக்கியந்தானா? ஒரு நல்ல சேதி. இனிமே ஒரு குழாய் இல்ல. நாலு திசைக்கும் நாலு குழாய். ஒன்னு நேரா ஒங்க கடையப் பாத்தே வருது. ஒக்காந்த எடத்துலயே வைத்தியர் பேச்சக் கேக்கலாம்."

"ரொம்ப சந்தோசம்ங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? வைத்தியருக்கு ஒரு முதுகு வேண்டும், அதைப் பிடுங்காதீர்கள் என்று எந்த வாயால் நகரசபையில் மனுக் கொடுப்பது?

தேவநேசனிடம் ஓடினேன். "ஏலே, நாலு பக்கமும் மூஞ்சி வச்சா முதுகு எங்கலே இருக்கும்?"

"இருக்காது கபீரு" என்றான் அவன். அவனுக்கும் முகம் செத்துவிட்டது. "ஆடிப்பூரம் கழிஞ்சதும் மாட்டுதாங்க."

எனக்கு அன்று ராத்திரி பஞ்சு நினைப்புத்தான். கடை போனால் மறுபடியும் ஜின்னிங் பாக்டரி. மறுபடியும் இருமல். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சுகாதாரக் கண்காட்சி போடுகிறார்கள், அதில் பேசுவதற்குத் திருச்சியிலிருந்து பச்சைமலை வைத்தியரே வருகிறார் என்று தேவநேசன் தகவல் கொண்டுவந்தான்.

"நேர்ல போய்க் கேளுங்க" என்றாள் அப்ரோஸ். "தேயில கெடுதல் இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அவிய சொல்லிட்டா ஊரு மூஞ்சிக்கு நேராவே குடிக்கும். நானும் வாரேன். அவிய மொகத்த ஒரு தடவ பாக்கணும்."

பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற கரிப்பஸ்ஸில் போனோம். ஏற்றத்தில் பஸ் நின்றதும் இறங்கித் தள்ளினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருத் தெரியாத கூட்டம். வடம் பிடித்தவர்களின் கூச்சலில் தேர் ஓர் அடி நகர்ந்தால் ஊரே ஓர் அடி நகர்ந்தது. இடிபட்டு மிதிபட்டு ரதவீதி தாண்டிக் கண்காட்சிப் பந்தலுக்கு வந்து சேர்ந்தோம். முன் வரிசையில் கிழவிகள் வெற்றிலை பாக்குத் தட்டோடு காத்திருந்தார்கள். வைத்தியர் காலில் விழுந்து கும்பிடவாம்.

"இப்போது பச்சைமலை வைத்தியர் பேசுவார்" என்று அறிவித்தார்கள். வெள்ளைத் தாடியைத் தேடி எல்லாரும் கழுத்தை நீட்டினோம். மேடை ஓரத்தில் நாற்காலியில் இருந்த ஒரு வாலிபன் எழுந்து வந்தான். வகிடு எடுத்து வாரிய தலை, கையில் கடிகாரம், மீசை அடர்த்தியாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. யாரோ ஆபீஸ் குமாஸ்தா மைக்கைத் தட்டிப் பார்க்க வருகிறான் என்று நினைத்தோம். அவன் வாயைத் திறந்தான்.

"என்ன மக்கா, பசி நல்லா எடுக்குதா?"

அந்தக் குரலேதான். அவனுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவி, "எம் பேரனவிட சின்னவனா இருக்கான்" என்று சொல்லி வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பந்தலே சிரித்தது. அப்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தப் பயலுக்காகவா இத்தன வருசம் வேப்பங்கொழுந்து தின்னேன்" என்றாள் என் காதில்.

பேச்சு முடிந்ததும் அப்ரோஸும் நானும் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பிடித்தோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தனியாக நின்றான். பக்கத்தில் பார்த்தால் நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். எனக்கு அவனை நீ என்பதா நீங்கள் என்பதா என்று குழப்பம். ஆறு வருஷமாக ஒரு பெரியவர் என்று நினைத்து வைது பழகிவிட்டதால் நீங்கள் என்றே வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பீடி மறைக்கிறதை, முதுகுக் கடையை, நாலு குழாயை. சொல்லச் சொல்ல அவர் சிரித்துச் சிரித்துப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பேசறப்போ என் முதுகுக்குப் பின்னால டீ குடிக்கிறாங்களா? எத்தனை பேரு?"

"எல்லாருந்தாங்க."

மறுபடியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார்.

"தேயில கெடுதல் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்ங்க. எங்க பொழப்பு நிக்கும்."

அவர் முகம் மாறியது. பந்தல் காலை விட்டுவிட்டு நேராக நின்றார்.

"அண்ணே, அந்தக் குரல் என்னோடது இல்ல. எங்க அப்பாவோடது. நாட்டு வைத்தியர். நான் ரேடியோவில பேசறது எல்லாம் அவர் வீட்டில பேசினது. தேயிலைன்னா அவருக்கு ஆகாது. நான் திருச்சியில படிக்கிறப்போ நல்லா டீ குடிப்பேன். ஊருக்குப் போனா வாயைக் கொப்பளிச்சு ஏலக்காயை மென்னுட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவேன். இப்ப அவர் இல்ல. ஆனா மைக்குக்கு முன்னால உக்காந்தா அவர் எதிரே உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும். அவர் வாயால தேயிலை நல்லதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. கோவிச்சுக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பன் போன பிறகும் அப்பனுக்கு ஒளிகிற பிள்ளையிடம் என்ன கோபிக்க? நாங்கள் குழாய்க்கு ஒளிந்தோம், அவர் மைக்குக்கு ஒளிகிறார். அவரைப் பார்க்க அவ்வளவு பிரியமாக இருந்தது. "பரவாயில்லைங்க. உடம்பப் பாத்துக்குங்க. நடுவுல ஒரு வாரம் பேசாம இருந்துட்டீக" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்ரோஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "பாவம், அவியளும் ஒளிச்சுக் குடிச்சவியதான்" என்றாள். மறுபடியும் அவிய என்று சொல்லிவிட்டாள்.

நாலு குழாயும் ஏறியது. சிங்கராஜா தேங்காய் உடைத்தார். அன்று சாயங்காலம் வைத்தியர் குரல் நாலு பக்கமும் கேட்டது. உக்கிரபாண்டி எழுந்து கம்பத்தைச் சுற்றி வந்தான். மேற்குக் குழாயை அண்ணாந்து பார்த்தான். வடக்கே போனான், தெற்கே போனான். போக இடமில்லாமல் வந்த வழியே போய் உட்கார்ந்துவிட்டான். என் பாய்லர் தானாகக் கொதித்துத் தானாக ஆறியது. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பழகிய ஆட்கள் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பாக்டரி மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை வருகிறேன் என்று. பாய்லரை விலைக்கு வாங்க ஆள் பார்க்கச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம், பழக்கத்தில் அடுப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வைத்தியர் வந்தார். எலுமிச்சையைப் பற்றிச் சொன்னார். வழக்கம் போலத் தேயிலைக்கு நாலு வசவு விட்டார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. பிறகு பேச்சை நிறுத்தினார். நிறுத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"மக்கா, எனக்கும் வயசாச்சு. பாதிப் பேச்சில அசதி தள்ளுது. ஒரு நாதஸ்வர இசைத்தட்டுப் போடச் சொல்றேன். அது ஓடற வரைக்கும் செத்த நேரம் கண்ணை மூடிக்கிறேன். உங்களுக்கு ஏதாவது சோலி இருந்தா அதுக்குள்ள பாத்துக்குங்க. நான் பாக்க மாட்டேன்."

நாதஸ்வரம் கிளம்பியது. மற்ற ஊர்களில் கேட்டவர்கள் கிழவர் தூங்கப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பூங்காவில் ஓர் ஆள் அசையவில்லை. உக்கிரபாண்டிதான் மெதுவாக எழுந்தான். நாலு குழாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஏலே" என்றான், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில். "பெரியவர் கண்ண மூடிட்டாருலே."

அவ்வளவுதான். ஊர் திரண்டு என் கடைக்கு வந்தது. கூச்சல் கிடையாது, அவர் தூங்குகிறாரே. எல்லாரும் விரலைக் காட்டிக் காட்டிக் கேட்டார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறார் என்று. அப்பா சொல்லில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அப்பாவைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்துவிட்டார். கண்ணில் நீர் வந்து கிளாஸ் தெரியவில்லை. கை தன் பாட்டுக்கு டீ ஆற்றியது. அப்ரோஸ் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு சுவர் இடிசலைத் தாண்டி வந்து கிளாஸ் கழுவ உட்கார்ந்தாள். ஒரு தட்டு ஓடி முடிவதற்குள் ஒரு ஊருக்கு டீ கொடுத்தவன் நான்.

"கபீரு, முடியப் போகுது" என்று தேவநேசன் அறை வாசலிலிருந்து கிசுகிசுத்தான்.

நாதஸ்வரம் நின்றது. உடனே பேச்சு வரவில்லை. முதலில் ஒரு செருமல் வந்தது, வீட்டுக்குள் பெண்டு பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர்கள் வாசலில் நின்று செருமுவார்களே, அந்தச் செருமல். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அதற்குள் எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போய், மணல் தட்டி, கிளாஸை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் என் கிளாஸை மறைத்துக்கொண்டேன்.

"முழிச்சுட்டேன் மக்கா. நான் கண்ணசந்த நேரத்தில யாரும் தேயிலைத் தண்ணி கீது குடிக்கலியே?"

"இல்லைய்யா" என்றது பூங்கா முழுக்க, நாலு திசையிலும், ஒரே வாயாக. அதில் பெரிய குரல் என்னுடையது.